பதினேழாம் இடத்தில் ஒரு சிங்கம்

கல்கத்தா காங்கிரஸில் நிறைவேறிய நான்கு தீர்மானங்களின் மை காய்வதற்குள்ளேயே, அவற்றை நீர்த்துப்போகச் செய்யும் வேலையில் மிதவாதிகள் இறங்கிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். நாக்பூரில் கூட வேண்டிய காங்கிரஸ் சூரத்துக்கு மாறியது. மாற்றியது யார் என்று கேட்டால் எல்லா விரல்களும் ஒரே ஆளைத்தான் காட்டும். அவர் சர் பிரோஸ்ஷா மேத்தா. 1907 டிசம்பரில் வ.உ.சி.யும் பாரதியும் திலகரின் பக்கம் நிற்பதற்காகச் சூரத்துக்குப் போனார்கள். எதிர்ப்பக்கத்தின் கோட்டைச் சுவராக நின்றவர் இந்தப் பார்சி பாரிஸ்டர்.

தமிழில் விடுதலைப் போர் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் மேத்தாவை இந்த ஒரு காட்சியில் மட்டும் மேடையேற்றி, ஏசிவிட்டு, இறக்கிவிடுவார்கள். அது நியாயமில்லை. சூரத் பந்தலில் திலகருக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்த அதே மனிதரை, அதே ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் மாநகராட்சியிலிருந்தே துரத்திவிட வெள்ளை அதிகாரிகள் திட்டம் போட்டார்கள். கிட்டத்தட்ட வென்றும் விட்டார்கள். அந்தக் கதை தெரியாமல் சூரத்துக்குள் நுழைந்தால் மேத்தாவின் பிடிவாதம் வெறும் கோழைத்தனமாகத்தான் தெரியும்.

கதை தொடங்குவது 1871-இல். அன்றைய பம்பாயின் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு. ஆறு ஆண்டுகளில் நகரத்தையே புரட்டிப் போட்ட ஆள். சாக்கடைகளைச் சீர்செய்தார், தெருக்களை அகலமாக்கினார், ஆடு மாடு அறுக்கும் கொட்டகைகளை ஊருக்கு வெளியே பாந்திராவுக்குக் கொண்டுபோனார். இன்றும் மும்பைவாசிகள் கிராஃபோர்டு மார்க்கெட் என்று சொல்லும் சந்தை அவர் கட்டியதுதான். ஆனால் பணம்? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தியால் கொழித்த பம்பாய், 1865-இல் போர் முடிந்ததும் திவாலாகிக் கிடந்தது. அந்த நேரத்தில் கிராஃபோர்டு கணக்குப் பார்க்காமல் செலவழித்தார். வரி ஏறியது, கடன் ஏறியது. அவரைத் தட்டிக் கேட்க வேண்டிய சபை எது? அரசாங்கம் நியமித்த ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’கள், சுருக்கமாக ஜே.பி.க்கள். ஆயுள் முழுக்கப் பதவி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பதவி.

வரி கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். கமிஷனர் பதவியையே ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் கூக்குரல். அப்போது பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு கட்டுரை வாசித்தார். லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 26. கூட்டம் கேட்க விரும்பியதற்கு நேர்மாறாக அவர் பேசினார். கமிஷனர் ஒருவர் கையில் அதிகாரம் இருப்பது குற்றமில்லை, அவரைக் கணக்குக் கேட்கும் சபை மக்கள் தேர்ந்தெடுத்த சபையாக இல்லாததுதான் குற்றம் என்றார். நிர்வாகம் ஒரு கையில் இருக்கட்டும், பணப்பை தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் இருக்கட்டும் என்பது அவருடைய வாதம். மண்டபம் அவரை ஏளனம் செய்து கூச்சலிட்டது.

அடுத்த ஆண்டே வந்த 1872 சட்டம் ஏறத்தாழ அவர் வரைந்த கோட்டில்தான் நடந்தது. 64 உறுப்பினர்கள், பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுப்பார்கள், 16 பேரை ஜே.பி.க்கள், மீதி 16 பேரை அரசாங்கம். கல்கத்தாவுக்கு இந்த அளவு உரிமை 1876-இல்தான் கிடைத்தது. சென்னைக்கு 1878 சட்டம் வர வேண்டியிருந்தது. ஓரளவுக்கு மேல் வரி கட்டியவருக்கு மட்டுமே ஓட்டு என்பது உண்மைதான். கூலிக்காரனும் ஆலைத் தொழிலாளியும் அந்தக் கணக்கில் வரவில்லை. என்றாலும், ஓர் இந்தியன் ஓட்டுப் போட்டு, ஓர் இந்தியன் வென்று, வெள்ளைக்காரக் கமிஷனரை நிறுத்திவைத்து ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் கேட்கும் இடம் ஒன்று இந்த நாட்டில் உருவாகிவிட்டது. அந்த இளைஞர்தான் மேத்தா; அங்கே போய் உட்கார்ந்தார். சாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அதே பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் 25 ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1896 செப்டம்பர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வக்கீல் அங்குள்ள இந்தியர்களின் துன்பத்தைப் பற்றிப் பேச வந்தார். கூட்டத்தைக் கூட்டியவர் மேத்தா. உரையை முன்கூட்டியே எழுதி அச்சடித்து வைத்துக்கொள் என்று புத்தி சொன்னவரும் அவரே. நல்லவேளையாகச் சொன்னார். மேடையேறிய வக்கீலுக்குக் குரல் எழவில்லை, உடம்பு நடுங்கியது. மேத்தாவின் நண்பரும் மாநகராட்சி உறுப்பினருமான தின்ஷா வாச்சா உரையை வாங்கிக் கணீரென்று படித்து முடித்தார். பேச வந்தவருக்கும் வயது 26 தான். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பிற்காலத்தில் காந்தி மேத்தாவை இமயமலைக்கும், திலகரைக் கடலுக்கும், கோகலேயைக் கங்கைக்கும் ஒப்பிட்டார். அண்ணாந்து பார்க்கலாம், ஏற முடியாது என்று அவருக்கு மேத்தாவைப் பற்றித் தோன்றியது.

காந்திக்கு மேத்தா சொன்ன இன்னொரு புத்திமதி இன்னும் பிரபலம். ராஜ்கோட்டில் ஒரு வெள்ளை அதிகாரி சேவகனை விட்டு இளம் காந்தியைக் கதவுக்கு வெளியே தள்ளினார். வழக்குப் போடலாமா என்று காந்தி ஆள் மூலம் கேட்டதற்கு, அவமானத்தை விழுங்கிக்கொள் என்று பதில் அனுப்பினார் மேத்தா. இதை வைத்தே அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதியவர்கள் உண்டு. அந்த அதிகாரி யார் என்று பார்த்தால் படம் மாறுகிறது. அவர் ஆலிவண்ட். ராஜ்கோட் அடங்கிய காத்தியவாருக்குப் போவதற்கு முன், 1880-கள் நெடுகப் பம்பாயின் முனிசிபல் கமிஷனராக இருந்தவர் அவரே. 1884-லும் 1885-லும் மேத்தா மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, கமிஷனர் நாற்காலியில் இருந்தவர் ஆலிவண்ட். அந்த ஆளின் இயல்பை அருகிருந்து பார்த்த அனுபவத்திலிருந்து வந்த பதில் அது. ஓர் அதிகாரியின் திமிரைத் தனி மனிதனாகப் போய் வழக்காடி அடக்க முடியாது, சட்டப்புத்தகத்தில் அவனைக் கட்டிப்போட வேண்டும் என்பது மேத்தாவின் வழி.

அப்படித்தான் கட்டிப்போட்டார். 1880-களின் கடைசியில் புதிய முனிசிபல் மசோதா வந்தது. கமிஷனரை மாநகராட்சிக்குச் சமமான தனி அதிகாரமாக உயர்த்திவிடும் போக்கு அதன் முதல் வரைவில் இருந்தது. சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்த மேத்தாவும் காசிநாத் திரியம்பக் தேலங்கும் அதை வரிக்கு வரி எதிர்த்து, மாநகராட்சியே மேலான சபை என்ற நிலையைக் காப்பாற்றினார்கள். அதுதான் 1888-ஆம் ஆண்டுச் சட்டம். உறுப்பினர் எண்ணிக்கை 72 ஆனது. பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றைய மும்பை மாநகராட்சி நடப்பது அந்தச் சட்டத்தின்படிதான். ஒரு கவுன்சிலரின் உழைப்பு நூறாண்டுக்கு மேல் நிற்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

போலீஸ் செலவு விவகாரம் இன்னொன்று. பம்பாய்ப் போலீசை ஆட்டிவைப்பது அரசாங்கம், அதற்குப் பணம் கொடுப்பது மட்டும் மாநகராட்சி. எங்கள் சொல்லைக் கேட்காத போலீசுக்கு நாங்கள் ஏன் படியளக்க வேண்டும் என்று மேத்தா ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1907-இல் அரசாங்கம் போலீஸ் செலவைத் தானே ஏற்றது. ஆரம்பக் கல்வியும் மருத்துவமும் மாநகராட்சியின் பொறுப்பாயின. லத்திக்குப் போன பணம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது.

இத்தனை ஆண்டு இப்படி மல்லுக்கு நின்றால் பகை சேராமல் இருக்குமா? ‘பெரோஷியஸ் (மூர்க்க) மேத்தா’ என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். நண்பர்கள் ‘பம்பாயின் முடிசூடா மன்னர்’ என்றார்கள். அதை எதிரிகள் அப்படியே குற்றச்சாட்டாகத் திருப்பினார்கள்: ஒரு மன்னர் இருக்கும் இடத்தில் மாநகராட்சி எதற்கு? அதில் உண்மை இல்லாமலும் இல்லை. மேத்தா சபைக்குள் நுழைந்தால் பாதி ஓட்டு அவர் முகத்தைப் பார்த்தே விழும். மறுத்துப் பேசுகிறவரைக் கிண்டலாலேயே உட்கார வைத்துவிடுவார். அடுத்தவரை வளரவிடும் குணம் அவரிடம் குறைவு.

1907 தேர்தல் நெருங்கியபோது இந்த மனக்குறைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டியவர் ஹாரிசன். பம்பாயின் அக்கவுன்டன்ட் ஜெனரல். அரசாங்கத்தின் கணக்குப்பிள்ளை மாநகராட்சிக்குள் உறுப்பினராக வந்து, அரசாங்கத்தை எதிர்க்கும் ஒருவரை ஒழிக்கக் கட்சி கட்டினார் என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்குத் தோள் கொடுத்தவர் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் ஆசிரியர் லோவட் ஃப்ரேசர். போலீஸ் கமிஷனரும் முனிசிபல் கமிஷனரும்கூட இந்த அணியின் பின்னால் நின்றார்கள் என்று ஊரே பேசியது. ‘காக்கஸ்’ என்று பம்பாய் அதற்குப் பெயர் வைத்தது.

மேத்தா நின்றது ஜே.பி.க்களின் தொகுதியில். இடங்கள் 16. காக்கஸ் 16 பேரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, இவர்களுக்கு மட்டும் ஓட்டுப் போடுங்கள் என்று சுற்றுக்கு விட்டது. ஜே.பி. பட்டம் கொடுப்பது அரசாங்கம். அந்த ஓட்டாளர்களில் எத்தனையோ பேர் ஐரோப்பியர்கள், அதிகாரிகள், அதிகாரிகளின் தயவை நம்பித் தொழில் செய்பவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய் உயர் அதிகாரி ஒருவர் பட்டியலை நீட்டினால் அது வேண்டுகோளாக இருக்காது, உத்தரவாகத்தான் இருக்கும். ஓட்டு எண்ணினார்கள். பட்டியலில் இருந்த 16 பேரும் வென்றார்கள். மேத்தா பதினேழாவது.

தேர்தல் முறையை இந்த நகரத்துக்கு வாதாடி வாங்கிக் கொடுத்தவர், 61 வயதில், தேர்தலாலேயே வெளியேற்றப்பட்டார். இதைவிடக் கொடுமையான தோல்வி ஒரு பொது மனிதருக்கு நேர முடியாது.

ஆனால் பம்பாய் சும்மா இருக்கவில்லை. மாதவ் பாக்கில் கண்டனக் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் கோகலே. புனே நகராட்சியின் தலைவராக இருந்து நகராட்சி வேலையின் அருமை பெருமைகளை உணர்ந்தவர். அதிகாரிகள் தேர்தலில் தலையிட்டால் தேர்தலுக்கு என்ன பொருள் என்ற கேள்வி கட்சி வேறுபாடின்றி எழுந்தது.

மேத்தா தன் ஆயுதத்தை எடுத்தார். 1888 சட்டம். மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு உள்ளவர் உறுப்பினராக முடியாது என்கிறது அது. பதினாறாவது இடத்தில் வென்றவருக்கு அப்படி ஒரு தொடர்பு இருந்தது. தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் ஸ்மால் காஸ் கோர்ட்டின் தலைமை நீதிபதிக்கு. வழக்குப் போனது. பதினாறாமவரின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது. அடுத்த இடத்தில் இருந்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரானார். தான் பாடுபட்டு உருவாக்கிய சட்டத்தின் கதவு வழியாகவே சிங்கம் சபைக்குள் திரும்பி வந்தது.

காக்கஸ் அதன்பின் நீடிக்கவில்லை. 1911-இல் மேத்தா நான்காம் முறையாக மாநகராட்சித் தலைவரானார். தன்னைத் தாக்கிய பத்திரிகைக்குப் பதில் சொல்ல 1913-இல் ‘பாம்பே கிரானிக்கிள்’ என்ற நாளேட்டையே தொடங்கி, ஹார்னிமனை அதன் ஆசிரியராக அமர்த்தினார். ஆங்கிலேயராகப் பிறந்தும் இந்தியாவுக்காகப் பேசிய அந்த ஆசிரியரை 1919-இல் அரசாங்கம் நாடு கடத்தியது.

இப்போது சூரத்துக்கு வருவோம். மேத்தாவை நான் கோழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் குற்றமற்றவர் என்றும் சொல்ல மாட்டேன். அவர் செய்த பிழை பயத்திலிருந்து வந்ததல்ல. 26 வயதில் அவர் கேட்டது என்ன? அதிகாரத்தில் இருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. அந்த நியாயத்தைப் பம்பாய் மாநகராட்சியில் 35 ஆண்டுகள் காத்தவர், காங்கிரஸுக்குள் அதைக் கைவிட்டார். அங்கே கிராஃபோர்டின் இடத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார். மாநாடு எங்கே கூடுவது, தலைவர் யார், தீர்மானம் எது என்பதையெல்லாம் ஒரு சிறு வட்டம் முடிவு செய்தது. காக்கஸின் பட்டியல் அநீதி என்றால், நாக்பூரைச் சூரத் ஆக்கியதும் அநீதிதான். திலகர் தட்டிக் கேட்டது இந்த அநீதியைத்தான். பாரதியும் வ.உ.சி.யும் அவர் பக்கம் நின்றது சரி என்பதே என் தீர்ப்பு.

1907 டிசம்பர் கடைசி வாரத்தில், தேர்தலில் தோற்று வழக்கில் மீண்ட அந்தப் பழைய கவுன்சிலர் சூரத் மேடையில் மாநாட்டுத் தலைவர் ராஷ் பிகாரி கோஷுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து பறந்து வந்த மராட்டியச் செருப்பு ஒன்று சுரேந்திரநாத் பானர்ஜியின் மேல் பட்டுத் தெறித்து மேத்தாவின் மேல் விழுந்தது. அதை எறியும் நிலைக்குக் கூட்டத்தைக் கொண்டுபோன இரண்டு நாள் நிகழ்ச்சிகளை அடுத்த இதழில் சொல்கிறேன்.