பசலை முதல் ‘குளோ’ வரை: முகத்தில் பூசியவற்றின் ஒரு சின்ன வரலாறு

2020ஆம் ஆண்டு எங்கட வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. மஞ்சள் கறிக்கு மட்டும்தான், முகத்துக்கு இல்லை. சட்டம் போட்டவர் அம்மம்மா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தவர். பயத்தம்மா, மஞ்சள், தயிர் மூன்றையும் குழைத்து வெள்ளிக்கிழமைகளில் பேத்திகளின் முகத்தில் அப்பிவிடுவதை அதுவரை அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அம்மம்மாவின் சட்டத்துக்குக் காரணம் அரசாங்கத்தின் சட்டம். உள்ளூர் விவசாயிகளைக் காப்பாற்ற என்று சொல்லி 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். நாட்டுக்குத் தேவையான மஞ்சளில் பெரும்பகுதி அதுவரை இந்தியாவில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் கிலோ 750 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். அந்த விலைக்குக் கடையில் மஞ்சள் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் விற்றது. தமிழ்நாட்டில் இருந்து படகில் வந்த மஞ்சள் மூட்டைகள் மன்னாரிலும் கற்பிட்டியிலும் பிடிபட்டன. மஞ்சள் தூளில் மாவும் சாயமும் கலந்து விற்றவர்களும் பிடிபட்டார்கள்.

“வீட்டுச் சாமான்”, “இயற்கை” என்று நாங்கள் சொல்வது உண்மையில் எங்கே இருந்து வருகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். சந்தனம் என்றால் மைசூர்ப் பக்கத்துக் காடு. முல்தானி மட்டியின் பெயரிலேயே ஊர் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் முல்தான். மஞ்சளும் கடல் தாண்டி வந்தது. புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகளின் வாசலில் நின்றால் இதெல்லாம் சாக்குச் சாக்காக இருக்கும். அம்மம்மாவின் கிண்ணத்தில் உள்ளூரில் உண்டானது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது தயிர் மட்டும்தான்.

சரி, இதெல்லாம் முகத்தில் என்ன செய்கிறது? மண் வகைகள், அதாவது முல்தானி மட்டி, கயோலின், பெண்டோனைட் எல்லாம் எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் முகத்துக்கு நல்லது, காய்ந்த முகத்தை இன்னும் காயவைக்கும். மா வகைகள் அழுக்கைத் தேய்த்து எடுக்கும். தயிரில் இருக்கும் லக்டிக் அமிலம் செத்த தோலை மெல்லத் தளர்த்தும். காய்ந்த பிறகு உரித்தெடுக்கும் ‘பீல் ஓஃப்’ மாஸ்க்கில் படலமாகக் காய்வது பொலிவைனில் அல்கஹோல், ஒருவகைப் பசை. கொரியாவில் இருந்து பரவிய ‘ஷீட் மாஸ்க்’ தாளில் பெரும்பாலும் தண்ணீர், கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம். அது தோலின் மேல்பகுதிக்கு ஈரம் கொடுக்கும், அந்தப் பளபளப்புக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் பிழை. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் எரிந்து, கறுத்த தழும்பு விழலாம். தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளி பட்டவுடன் தோலைத் தாக்கும். அதேநேரம் அம்மம்மாவின் வைத்தியம் எல்லாம் மூடநம்பிக்கையும் இல்லை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பாவிப்பது தங்கட கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1995இல் காப்புரிமை எடுத்தது. இது எங்கட ஆட்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான் என்று இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி, 1997இல் அதை ரத்துச் செய்ய வைத்தது.

ஆனால் என்ன பூசுகிறோம் என்பதைவிட எதற்காகப் பூசுகிறோம் என்பதில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் பெண்ணின் அழகான நிறத்துக்கு ‘மாமை’ என்று பெயர். அதைக் கருமை என்றும் மாந்தளிரின் நிறம் என்றும் பொருள் சொல்வார்கள். காதலன் பிரிந்துபோனால் அந்த மாமை போய்விடும், தோல் வெளிறும். அந்த வெளிறலுக்குப் பெயர் ‘பசலை’. திருக்குறளில் அதற்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று 119ஆவது அதிகாரம் இருக்கிறது. தோல் வெளிறுவதை நோயாகப் பார்த்த ஒரு தமிழ் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரில் குளிக்கிறாள். அத்தனை சரக்கும் வாசத்துக்கும் குளிர்ச்சிக்கும்தான், வெள்ளையாவதற்கு இல்லை.

அந்தத் தமிழில் இருந்து “பிள்ளை வெள்ளையோ, பொதுநிறமோ?” என்று கேட்கும் தமிழுக்கு நாங்கள் ஒரே நாளில் வந்து சேரவில்லை. சாதி, காலனி ஆட்சி, சினிமா, கலியாண விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அந்த ஆசையைக் குழாயில் அடைத்து விற்றது 1975இல் இந்தியாவில் வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’. அம்மாவின் தலைமுறைக்கு அந்த றோஸ் நிறக் குழாயை நன்றாகத் தெரியும். 2020இல், அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃப்ளொய்ட் கொல்லப்பட்ட பிறகு உலகம் முழுக்க நிறவெறி பற்றிப் பேச்சு எழுந்தபோது, ‘ஃபெயார்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ அன்ட் லவ்லி’ என்று பெயர் மாற்றினார்கள்.

இதில் எங்கட தலைமுறைக்கு ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் கிறீமின் முக்கியச் சரக்கு நியாசினமைட், வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். தோலில் உண்டாகும் நிறப்பொருள் மேல் செல்களுக்குப் போய்ச் சேருவதை அது குறைக்கும். இன்றைக்கு நாங்கள் காலி வீதிக் கடைகளில் தேடி வாங்கும் சீரத்திலும் ஷீட் மாஸ்க்கிலும் இருக்கிறதும் அதே நியாசினமைட்தான். அது கெட்ட சாமான் இல்லை, தோலின் ஈரத்தைக் காக்கவும் உதவும். ஆனால் அம்மாவின் கிறீமைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதே சரக்கை ‘குளோ’ என்ற பெயரில் வாங்குகிறோம் என்றாவது தெரிந்து வாங்குவோம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. என்ட மச்சாள் ஒருத்திக்குப் போன வருடம் கலியாணம். மூன்று மாதத்துக்கு முதல் யாரோ சொல்லி ஒரு சின்ன டப்பா வாங்கினாள். பொருட்களின் பட்டியல் இல்லை, செய்த இடம் இல்லை, விலை மட்டும் இருந்தது. இரவில் பூசிவிட்டுப் படுக்கவேண்டும். மூன்று கிழமையில் முகம் வெளுத்தது, எல்லாரும் கேட்டார்கள். பூசுவதை நிறுத்தினாள், முகம் சிவந்து, பரு வெடித்து, வெயிலில் நிற்கமுடியாமல் போனது. தோல் வைத்தியர் பார்த்தவுடனேயே, “இதில ஸ்டீரொய்ட் கலந்திருக்கு” என்றாராம். கலியாணப் படங்களில் அவளுடைய முகத்தில் மேக்கப் தடிப்பாக இருப்பது அதனால்தான்.

இப்படியான டப்பாக்களில் கலக்கும் இன்னொன்று பாதரசம். தோலில் நிறம் உண்டாவதையே அது தடுக்கும், அதனால் சீக்கிரம் ‘வேலை செய்யும்’. ஆனால் தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். துவாய், தலையணை வழியாக வீட்டில் உள்ள குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது, இலங்கையும் அதில் ஒரு தரப்பு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் நிறுத்தவேண்டும் என்று முதலில் இருந்தது. 2023இல் அந்த விட்டுக்கொடுப்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதைச் சட்டத்தில் எழுதினாலும், பெயர் இல்லாத டப்பாவைக் கையில் எடுக்கிறது நாங்கள்தான்.

அதனால் எடுத்தவுடன் லேபலைப் பாருங்கள். பட்டியலே இல்லை என்றால் வைத்துவிடுங்கள். கலோமெல், மேர்கியூரி என்று தொடங்கும் எந்தப் பெயரும் பாதரசம். குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் என்பவை ஸ்டீரொய்ட், வைத்தியர் எழுதித் தராமல் முகத்துக்குப் பாவிக்கக்கூடாது. “ஒரு கிழமையில் வெள்ளை” என்று சொன்னால் அதுவே போதுமான எச்சரிக்கை.

மஞ்சள் இப்போது பழையபடி கடைகளில் கிடைக்கிறது. அம்மம்மாவும் சட்டத்தைத் தளர்த்திவிட்டார். போன வெள்ளிக்கிழமை மச்சாள் வந்திருந்தாள். முகம் இன்னும் முழுக்க ஆறவில்லை. அம்மம்மா கிண்ணத்தை எடுத்தார், அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். “உனக்கு இப்ப ஒண்டும் வேண்டாம் பிள்ளை. வெறும் தண்ணியில கழுவு. உன்ட நிறம் தானா வரும்.”