விலைக்கு வராத பதக்கம்

தலவாக்கலையிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் புகையிரதம் அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை ஆகிய ஊர்களைக் கடந்து பேராதனைச் சந்தியை அடைகின்றது. அவ்வூர்ப் பூந்தோட்டத்தில் இன்று மக்கள் மரநிழலில் உலாவி மகிழ்கின்றனர். 1944ஆம் ஆண்டிலோ, பர்மாப் போரை நடத்திய தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் அங்கேதான் அமைந்திருந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு அங்கிருந்து ஆணை பிறப்பித்தார். அவ்வாணையின் பாரத்தைக் களத்தில் சுமந்தோருட் பலர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் உம்ராவ் சிங்.

இன்றைய ஹரியானா மாநிலத்தில், ஜஜ்ஜருக்கு அண்மையிலுள்ள பல்ரா என்னும் சிற்றூரில், 1920ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1939இல் படையிற் சேர்ந்து, பீரங்கிப் படையில் ஹவில்தாராக உயர்ந்தார்.

1944 டிசம்பர் 15, 16ஆம் நாட்களில், பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில் அவருடைய பீரங்கியை ஜப்பானியர் சூழ்ந்தனர். ஒன்றரை மணி நேரம் குண்டுமாரி பொழிந்தது. அதன் பின்னர் காலாட்படை அலையலையாக மோதியது. எறிகுண்டுகளாற் காயமுற்றும் அவர் இடம் பெயர்ந்திலர். தோட்டாக்கள் தீர்ந்தபின், பீரங்கியின் இருப்புக்கோலையே ஆயுதமாக ஏந்திப் பொருதார். ஆறு மணி நேரங் கழித்து வந்த துணைப்படையினர், பகைவரின் பத்துச் சடலங்களுக்கிடையே, உணர்வற்றுக் கிடந்த அவரைக் கண்டெடுத்தனர். அவர் காத்த பீரங்கி அன்றே மீண்டும் முழங்கியது. 1945 அக்டோபரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கத்தை அணிவித்தார்.

சுதந்திர இந்தியாவின் படையிலும் பணியாற்றிச் சுபேதார் மேஜரான அவர், ஓய்வுபெற்றதும் தம் சிற்றூருக்கே திரும்பினார். இருந்தது சிறிதளவு நிலம். அதை உழுது குடும்பத்தைக் காத்தார். பதக்கத்துக்காக இங்கிலாந்து வழங்கிய உதவித்தொகை 1960இல் ஆண்டுக்கு 168 பவுணாக வகுக்கப்பட்டது. விலைவாசி ஏறியது; அத்தொகை ஏறவில்லை. பதக்கத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கச் சிலர் முன்வந்தனர். விற்றால், களத்தில் வீழ்ந்த தோழரின் மானத்துக்கு மாசு வரும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

1995இல், போர் முடிவின் 50ஆம் ஆண்டு விழாவுக்காக அவர் லண்டன் சென்றார். பிரமுகர் கூடாரத்தில் அவரை அனுமதிக்கத் தயங்கினர். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. மார்பிலிருந்த பதக்கத்தை அடையாளங்கண்ட படை அதிகாரி ஒருவரே அவரை உள்ளே அழைத்துச் சென்றார். அங்கே பிரதம மந்திரி ஜான் மேஜரிடம் அவர் தமக்கென்று சலுகை எதனையும் கேட்கவில்லை. பதக்கம் பெற்ற இந்திய வீரர் யாவரின் உதவித்தொகை பற்றியே பேசினார். அவ்வாண்டிலேயே அத்தொகை உயர்த்தப்பட்டது.

2005 நவம்பர் 21ஆம் நாள், தமது 85ஆம் வயதில் அவர் மறைந்தார். பல்ராவில் படை மரியாதையுடன் அவர் உடல் எரியூட்டப்பட்டது.

உழைத்தவரைப் போற்றும் சொல் எளிது. அவருடைய முதுமைக்கு உலை வைக்கும் கடமையோ அரிது. உழைத்து ஓய்ந்தவர்கள் வாழும் இம்மலைநாட்டுக்கு அவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பீரங்கியை விட்டு நகராத அவ்வீரர், வறுமையிலும் தம் தோழரை விட்டு நகரவில்லை. அவர் வரலாற்றில் நினைவிற்கொள்ள வேண்டியது அவ்விரண்டாம் வீரமே.