அளவில் தவறிய மருந்து

1811இல் பாரிஸில் பெர்னார் கூர்த்துவா நெப்போலியனின் படைக்கு வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார். கடற்பாசிச் சாம்பலிலிருந்து உப்பை எடுத்த பின், மிஞ்சிய கசடைக் கழுவக் கந்தக அமிலத்தைச் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டார். ஊதா ஆவி கிளம்பி, குளிர்ந்த இடத்தில் கருத்துப் பளபளக்கும் படிகமாகப் படிந்தது. அதுதான் அயோடின். ஒன்பதே ஆண்டில், 1820இல், ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழுத்துக் கழலைக்குக் கொடுத்தார். குருட்டுத் துணிச்சல் அல்ல. கடற்பஞ்சைச் சுட்டுக் கொடுப்பது பழைய கழலை வைத்தியம், அந்தச் சாம்பலில் வேலை செய்வது அயோடின்தான் என்று அவர் ஊகித்தார். கழலை வற்றியது. ஆனாலும் இன்னும் நூறு ஆண்டுக்கு சுவிஸ் மலைக் கிராமங்களில் பிள்ளைகள் கழுத்து வீங்கியே வளர்ந்தார்கள். சிலர் பிறவியிலேயே செவிடு, மனவளர்ச்சியும் குன்றியது.

அறிவியல் அப்போது முதிரவில்லை, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதை ஜெர்மன் வேதியியலாளர் பௌமன் கண்டதே 1895இல்தானே என்று கேட்கலாம். ஆனால் ஆண்டிஸ் மலையில் அயோடின் கலந்த உப்பைத் தின்பவர்களுக்குக் கழலை வருவதில்லை என்று பிரெஞ்சு வேதியியலாளர் பூசாங்கோ 1830களிலேயே எழுதிவிட்டார். 1850களில் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் ஷாத்தான் ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதித்து, அயோடின் குறைந்த இடத்தில்தான் கழலை மிகுதி என்றார். பிரெஞ்சு அறிவியல் அகாதெமி அதை ஏற்கவில்லை. தடுக்கியது அளவில்தான் என்பது என் எண்ணம். மருந்தென்று நினைத்ததால் மருத்துவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு நெஞ்சு படபடத்தது, உடல் இளைத்தது, அயோடினுக்குக் கெட்ட பெயர் வந்தது. உடலுக்கோ ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது ஆண்டுக்குக் கூட்டினாலும் 4 கிராமைத் தொடாது. இத்தனை சொற்பம் இல்லாமல் போனால் ஒரு மனிதன் முடங்குவான் என்பதை நம்ப யாருக்குத்தான் மனம் வரும்? தண்ணீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அதைவிட எளிதாக எடுபட்டது.

1914இல் ஹுன்ட்சிக்கர் என்ற சுவிஸ் மருத்துவர்தான் கணக்கைத் திருப்பிப் போட்டார்: கழலை நஞ்சால் வருவதல்ல, அயோடின் போதாத சுரப்பி, கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளப் பெருக்கிறது. கடலுப்பு தின்றால் போதாதா என்றால், அதிலும் அயோடின் மிக அற்பம். தூத்துக்குடி உப்பிலும் அதைத் தனியே சேர்த்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். 1918இல் பயார்ட் என்ற மருத்துவர் கிரேஹென் கிராமத்தில் சில குடும்பங்களுக்கு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தார். மாதக்கணக்கில் சமையலில் போட்டு உண்டார்கள். கழலைகள் சுருங்கின, யாருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. 1922இல் சுவிஸின் அப்பென்ட்செல் பகுதியில் அந்த உப்பு கடைக்கு வந்தது.