போராளி: சொல்லும் செயலும்

'தொழிலாளி', 'வில்லாளி' என்பவை போலப் 'போர்' என்பதோடு 'ஆளி' சேர்ந்து வந்த சொல் 'போராளி'. பிரித்துப் பார்த்தால் சண்டை பிடிக்கிறவர் என்பதுதான் பொருள். வழக்கோ வேறு. சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்குகிறவரைச் சிப்பாய் என்கிறோம். கொள்கைக்காக நிற்பவரையே போராளி என்கிறோம். ஆகவே இச்சொல்லுக்குள் ஒரு மதிப்பும் இருக்கிறது.

அந்த மதிப்புக்கு ஆயுதம் கட்டாயமில்லை. காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்பாகச் சத்தியாக்கிரகம் நடத்தினார். 1972ஆம் ஆண்டு யாப்பை எதிர்த்துப் பதவி துறந்து, 1975 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் மீண்டும் வென்றார். அதுவும் போராட்டம்தான்.

பிறகு இயக்கங்கள் வந்தன. ஊர்ச்சனம் 'பெடியன்கள்' என்று வாஞ்சையோடு சொன்னது. எழுத்தில் அவர்கள் 'போராளிகள்'. தொடக்கத்தில் முஸ்லிம் இளைஞர் சிலரும் சேர்ந்தார்கள். 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறைத் தமிழ்ச்சனம் வீடு வாசலை விட்டு ஓடியது. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டனர்; பெரும்பாலோர் ஒதுங்கியது புத்தளத்தில். அன்று துவக்கோடு நின்று துரத்தியவர்களுக்கும் பெயர் போராளிதான்.

நம்மிடமும் இதற்கு நெருங்கிய சொல் உண்டு: முஜாஹித். அதன் வேர் பாடுபடுதலைக் குறிக்கும். போர் புரிதலுக்கு அறபியில் 'கிதால்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அந்தக் கிதாலுக்கும் மார்க்கம் வரம்பு விதித்தது: பெண்கள், குழந்தைகள், துறவிகள் மீது கை வைக்கலாகாது. எனவே தன்னைத்தானே முஜாஹித் என்று அழைத்துக்கொண்டால் மட்டும் ஒருவர் முஜாஹித் ஆகிவிடமாட்டார். 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் தொழுதுகொண்டிருந்தோரைக் கொன்றவர்களை இந்தத் தராசில்தான் நிறுத்தோம். அந்தப் பெயரை அவர்களுக்குக் கொடுக்க மறுத்தோம். வடக்கின் வரலாற்றை எழுதும்போதும் தராசு அதேதான்.

பிள்ளையை இயக்கத்துக்குக் கொடுத்த தாய் அவனைப் போராளி என்று சொல்வாள். அந்தத் துயரத்தோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் 1990இல் நடந்ததை எழுதும்போது, 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தார்கள்' என்று மெல்லச் சொல்லி நழுவக்கூடாது. 'வெளியேற்றப்பட்டார்கள்' என்றே எழுதவேண்டும். வெளியேற்றியவர் யார் என்பதும் அதே வசனத்தில் இருக்கவேண்டும். போராளி என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தச் செயல் மறைந்துபோனால், நம் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த ஊர் எது என்பதே தெரியாமல் போய்விடும்.