குமாஸ்தாக்களின் எழுத்து

கொரிய எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொண்டேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. 1446இல் அது வெளியிடப்பட்டபோது விளக்க நூலுக்கு முகவுரை எழுதிய ஜோங் இன்ஜி, புத்திசாலிக்குக் காலைப்பொழுதே போதும், மந்தனுக்குப் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். ககரத்தின் வடிவம், நாவின் அடி தொண்டையை மறிக்கும் நிலை. நகரம், நுனிநா மேலே தொடும் நிலை. மகரம், வாய். ககரத்தில் ஒரு கோடு கூட்டினால் மூச்சு கூடிய ஒலி. அதே ககரம் சொல் முதலில் வன்மையாகவும் உயிர்களுக்கு நடுவே நெகிழ்ந்தும் ஒலிப்பது தமிழனுக்குப் புதிதல்ல.

பாஷை அவ்வளவு சுலபமாக இல்லை. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதும், பெயரோடு உருபு ஒட்டுவதும் நமக்குச் சௌகரியம்தான். ஆனால் அந்தக் கடைசி வினையின் விகுதியில் பேசுகிறவன், கேட்கிறவன் இருவரின் வயதும் அந்தஸ்தும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு முன்பே எதிரில் நிற்பவரை எடைபோட்டாக வேண்டும். வாய் திறக்கும்போதெல்லாம் மேல் கீழ் பார்க்கும் ஒரு சமூகத்தில், எவரும் கற்கக்கூடிய எழுத்தை ஒரு ராஜாவே கொண்டுவந்தால் என்ன நடக்கும்?

ஸேஜோங் அதை 1443இன் கடைசியில் உருவாக்கி முடித்தார். அதுவரை எழுத்தென்றால் சீன எழுத்து. அதைக் கற்க வருஷங்களும் வசதியும் வேண்டும். மறுவருஷம் இரண்டாம் மாதம், ராஜாவின் வித்வத் சபையைச் சேர்ந்த சே மல்லியும் அறுவரும் ஆட்சேபணை மனு கொடுத்தார்கள். தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியரும் ஜப்பானியரும் போன்ற காட்டுமிராண்டிகளின் வழக்கம், சீனத்தின் முன் தலைகுனிவு என்றார்கள். 27 எழுத்தைப் படித்து குமாஸ்தாக்கள் முன்னேறிவிடலாமென்றால் பிறகு யார் உடம்பை வருத்தி ஞானிகளின் நூல்களைக் கற்பார்கள் என்றும் கேட்டார்கள். ராஜா எழுவரையும் சிறையில் போட்டு மறுநாள் விடுவித்தார். சே மல்லி பதவியை விட்டுப் போனார்; 1445இல் இறந்தார்.

இந்த மனுவைப் படிக்கையில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நானும் குமாஸ்தாதான், பாங்கியில். ஆனால் மனசு சே மல்லியின் கட்சி. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்ததும், புரியாத கவிதையைப் புரிந்துகொண்டதும் நான் சிரமப்பட்டு அடைந்தவை என்பதால், அவை சுலபமாக வேறொருவருக்குக் கிடைப்பதை நான் முழுமனதோடு விரும்பியதில்லை. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் கடினம் என்பதைத் தரம் என்று சொல்லிவந்ததில் எவ்வளவு தரம், எவ்வளவு வேலி?

மனுவில் ஒரு வாதம் இன்னும் உறுத்துகிறது. வாக்குமூலம் சொந்த பாஷையில் எழுதப்பட்டால், எழுத்தறியாத கைதியும் வாசிக்கக் கேட்டுப் பொய்யைக் கண்டுகொள்வான் என்பது எழுத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. சே மல்லியின் பதில்: சீனத்தில் பேச்சும் எழுத்தும் ஒன்றுதான், அங்கே அநியாயத் தீர்ப்பு இல்லையா? நியாயம் அதிகாரியைப் பொறுத்தது. சரியென்றே படுகிறது. கைநாட்டு வைக்க வந்தவர்களுக்கு எந்த இடத்தில் வைக்க வேண்டுமென்று நான் விரலால் காட்டியிருக்கிறேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டியதில்லை. அது தமிழில் இருந்த நாட்களிலும்.

எழுத்து பிழைத்தது. தன்னைத் தூற்றிச் சுவரொட்டி ஒட்டினார்கள் என்று 1504இல் யோன்சான்குன் என்ற ராஜா அதைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடைசெய்தான். பண்டிதர்கள் அதைப் பெண்களின் எழுத்து என்று இளக்காரமாகச் சொன்னார்கள். ராஜாங்கம் அச்சிட்ட பௌத்த நூல்களும் பண்டிதர்கள் அதில் இயற்றிய பாட்டுகளும் உண்டு. ஆனாலும் அன்றாட வாழ்க்கை அதில் ஏறியது பெரும்பாலும் பெண்களின் கையால்.

1998இல் ஆண்டோங் நகரில் ஒரு கல்லறையை இடம் மாற்றும்போது கடிதமொன்று கிடைத்தது. 1586இல், 31 வயதில் இறந்த கணவனுக்கு மனைவி எழுதிச் சவத்தோடு வைத்தது. தாளில் இடம் போதாமல் ஓரத்தில் திருப்பி எழுதியிருக்கிறாள். அவள் கணவனை விளிக்கும் சொல் இன்று மூத்தவர்கள் இளையவர்களிடம் பயன்படுத்துவது. விகுதிகளின் அந்த ஏணி அன்று வேறு மாதிரி நின்றிருக்கிறது.

1670 வாக்கில் ஜாங் கியெஹியாங் என்ற பெண்மணி, எழுபது வயதுக்கு மேல், கண் மங்கிய நிலையில் ஒரு சமையல் நூல் எழுதினாள். 146 குறிப்புகள், 51 மது காய்ச்சுவது பற்றி. மிளகாய் இல்லாத சமையல். பெண் மக்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம், புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று கடைசியில் குறிப்பு. உள்ளே அவள் வைத்த தலைப்பு கொரிய எழுத்தில் இருக்கிறது. வெளி அட்டையில் வேறொரு தலைப்பு, சீன எழுத்தில்.

சட்டங்களுக்கும் ஆணைகளுக்கும் கொரிய எழுத்தே மூலம் என்று உத்தரவானது 1894இல். அதுவரை அந்த நாட்டின் எழுத்து அட்டைக்கு உள்ளேதான் இருந்தது. நான் அட்டை பார்த்துப் பழகியவன்.