ஆளுக்கொரு வரி பிறந்த கதை

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்ததும் தேதி, பெயர், அளவு மூன்றையும் அதில் எழுதுவோம். அம்மா தவறாமல் பார்ப்பவர். அவருக்கு ஆறு வரி, சராசரி 110. அப்பாவைப் பிடித்து உட்கார வைப்பதே பெரும்பாடு. இரண்டே வரி, 170, 190. அவருடைய சராசரி 180.

எட்டு வரியையும் கூட்டி எட்டால் வகுத்தால் 127.5 வருகிறது. அந்த எண் அம்மாவுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை. 'பரவாயில்லையே' என்று அதைப் பார்த்து நோட்டை மூடினால், அப்பாவின் சர்க்கரை யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

ஆகவே முதலில் ஆள்வாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். கடைசியில் விடைகளை ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். பிரிப்பதும் எண்ணுவதும் கணினிக்கு முன்பே கையால் நடந்த வேலைதான். இந்தியாவின் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளுக்கொரு சீட்டு எழுதி, அவற்றை வகைவகையாகப் பிரித்து அடுக்கி எண்ணினார்கள்.

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சக ஆய்வாளர்களும் புள்ளியியலுக்கென்றே 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 1988-ல் வந்த அதன் நூலில் விளக்கப்பட்ட கட்டளைகளில் ஒன்று 'டீஅப்ளை'. அளவுகள், அவை யாருடையவை என்ற பெயர்கள், போட வேண்டிய கணக்கு ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஆளுக்கொரு விடை வரும். ஒருவருக்கு ஆறு வரி, இன்னொருவருக்கு இரண்டு என்றாலும் அதற்குச் சிக்கலில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990-களின் தொடக்கத்தில் எஸ் மொழியை அடியொற்றி 'ஆர்' மொழியை எழுதினார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து அதுதான். 1995-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மடிக்கணினி உள்ள எவரும் அந்தக் கணக்கைத் தம் வீட்டிலேயே போடலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

ஆர் மொழியில் 'ஏவ்' என்றொரு கட்டளையும் உண்டு. அது வரிகளைச் சுருக்காது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்த ஆளின் சராசரியை எழுதி வைக்கும். இன்றைய அளவு அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று பார்க்க அதுதான் தோது.

ஆக்லாந்தில் படித்த ஹாட்லி விக்கம், பிரி, கணக்கிடு, சேர் என்ற இந்த மூன்று படிக்கும் 2011-ல் ஒரு கட்டுரையில் முறையான பெயர் சூட்டினார். ஆர் மொழிக்காக 2014-ல் வந்த அவருடைய 'டீபிளையர்' தொகுப்பில் 'குரூப் பை' பிரிக்கிறது, 'சம்மரைஸ்' சுருக்குகிறது. படித்தாலே புரியும் கட்டளைகள்.

எங்கள் நோட்டை அதில் ஏற்றினேன். சராசரியோடு எத்தனை முறை பார்த்தது என்பதையும் கேட்டேன்; எத்தனை அளவுகளிலிருந்து வந்தது என்று தெரியாத சராசரியை நம்பக் கூடாது. திரையில் இரண்டு வரி வந்தது. அம்மா 110, 6. அப்பா 180, 2.

அப்பா 180-ஐ விட்டுவிட்டு அந்த 2-ஐத்தான் வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலை காபிக்கு முன்னால் தானாகவே வந்து விரலை நீட்டினார்.