நீர்க்கிராம்பு

நீர்க்கிராம்பு (லுட்விஜியா ஆக்டோவால்விஸ்) என்பது ஈரநிலங்களில் வளரும், மஞ்சள் நிறப் பூக்களையுடைய ஒரு செடியாகும். ஈவினிங் பிரிம்ரோஸ் எனப்படும் ஈனோத்தீரா இனச் செடிகளைப் போலவே இதுவும் ஒனக்ரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் வளர்க்கப்படும் அந்திமந்தாரை இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று.

தாவரவியல் விளக்கம்

இச்செடி பொதுவாக 1 முதல் 2 மீட்டர் உயரம் வரை கிளைத்து வளரும். இலைகள் ஈட்டி வடிவில், தண்டில் மாற்றடுக்கில் அமைந்துள்ளன. ஒவ்வொரு பூவிலும் 4 புல்லிதழ்களும் 4 அல்லிதழ்களும் 8 மகரந்தத்தாள்களும் உள்ளன. அல்லிதழ்கள் விரைவில் உதிர்ந்துவிடும்; புல்லிதழ்கள் உதிராமல் காயின் நுனியிலேயே நிற்கும். இதனால் இளங்காய் பார்ப்பதற்குக் கிராம்பைப் போல இருக்கும். முதிர்ந்த காய் 8 விலாக்களையுடைய நீண்ட உருளை வடிவ வெடிகனியாகும். அதனுள் மிகச்சிறிய விதைகள் ஏராளமாக இருக்கும்.

ஈனோத்தீராவுடன் வேறுபாடு

ஈனோத்தீராவின் பூவில் சூலகத்துக்கு மேல் நீண்ட குழல் ஒன்று உண்டு. பூ வாடியதும் அக்குழலும் புல்லிதழ்களும் உதிர்ந்துவிடும். நீர்க்கிராம்பில் அத்தகைய குழல் இல்லை. ஈனோத்தீராவின் பல சிற்றினங்கள் மாலையில் மலர்பவை. நீர்க்கிராம்பின் பூக்களைப் பகலில் காணலாம்.

பெயர் வரலாறு

1760 ஆம் ஆண்டில் ஜாக்கின் என்னும் தாவரவியலாளர் இதனை ஈனோத்தீரா இனத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார். 1962 ஆம் ஆண்டில் பீட்டர் ரேவன் இதனை லுட்விஜியா இனத்துக்கு மாற்றினார். பழைய நூல்களில் இது ஜுசியேயா சஃப்ருட்டிகோசா என்ற பெயரில் காணப்படுகிறது.

வாழிடம்

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் இச்செடி பரவியுள்ளது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் ஏரி, குளம், வாய்க்கால் ஓரங்களிலும் நெல்வயல்களிலும் வளர்கிறது. வயலில் இது ஒரு களையாகக் கருதப்படுகிறது. நீரில் மூழ்கிய தண்டுப்பகுதியில் காற்றறைகள் கொண்ட பஞ்சு போன்ற திசு உருவாவதால், வேர்களுக்குக் காற்று கிடைக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் உள்ளன. இத்தகைய ஏரிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர் உயர்ந்து, கோடையில் வடியும். அப்போது வெளிப்படும் சேற்று விளிம்பே நீர்க்கிராம்புக்கு ஏற்ற இடமாகும். கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தால், ஏரியில் நீர் இருந்தாலும் இவ்விளிம்பு இல்லாமல் போகும். எனவே ஏரிகளைச் சீரமைக்கும்போது, கரையோரத்தின் ஒரு பகுதியையாவது சரிவான மண்தரையாக விட்டுவைப்பது இச்செடிக்கும், இதைப் போன்ற பிற ஈரநிலத் தாவரங்களுக்கும் இன்றியமையாதது.